குப்பம்மாளுக்கும் அர்த்தம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைக்குப் பெயர் சூட்டுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பழைய பெயர்களை ‘அர்த்தமற்றவை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது.

என் பாட்டியின் பெயர் குப்பம்மாள். அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்தவரை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தினார்களாம். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடம் இரண்டு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்கிற ஏற்பாடு. குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள் போன்றவை பெரும்பாலும் இப்படி வந்தவைதான். மூக்குக் குத்திவிட்டால் மூக்கன், மூக்காயி. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று பிள்ளைகளை இன்றும் சீண்டுகிறோமே, அதன் வேரும் இதுதான்.

போதும்பொண்ணு வேறு கதை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற ஏக்கம் அது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

முதியோர் உதவித்தொகைக்காகப் பாட்டியை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனபோது, பெயரை வாசித்த எழுத்தர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “மூன்று போன வீட்டில் நின்ற பெயர் தம்பி” என்றார் பாட்டி. கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையின் பெயரைக் கேட்டு அந்த எழுத்தர் சிரித்திருப்பாரா?

அடுத்த முறை பெயர்ப் பட்டியல் வெளியிடும்போது குப்பம்மாளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருத்தாசலம்.