மாப்பிள்ளையைத் திட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் ஊரிலிருந்து மதுரை வந்து பத்து நாள் ஆகிவிட்டது. இன்னும் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. தோளில் குழந்தை இல்லாமல் ஹாலில் சும்மா நடக்கிறேன். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி நானும் மாப்பிள்ளையும் 'சூப்பர்பேட்' என்ற இங்கிலீஷ் காமெடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, "அம்மா, இதையெல்லாம் போய்ப் பார்த்துச் சிரிக்கிறியே, இது ஹோமோஃபோபிக் படம், ஓரினச்சேர்க்கையாளர்களை மட்டம் தட்டுற படம்" என்றாய். மாப்பிள்ளை பதறிப்போய் டிவியை அணைத்துவிட்டார். குட்டி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நீ தூங்கிய பிறகு மீதியையும் பார்த்துவிட்டோம். அவரைத் திட்டாதே, போடச் சொன்னது நான்தான்.

மாமியாரும் மருமகனும் சேர்ந்து பார்க்கிற படமா அது என்று உன் அத்தை கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த இங்கிலீஷ் எனக்கு விளங்காது என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார். 30 வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை மேய்த்தவளுக்குக் கடைசி பெஞ்சுப் பேச்சு எந்த மொழியில் இருந்தால் என்ன?

'சூப்பர்பேட்' 2007இல் வந்த படம். எழுதிய சேத் ரோகனும் இவான் கோல்ட்பர்கும் 13 வயது சுமாருக்கே அதை எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். கதையில் வரும் இரண்டு பையன்களுக்கும் தங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். பச்சை பச்சையாகத்தான் பேசுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதில் ஒருவன் சின்ன வயதில் நோட்டு நோட்டாக ஒரே உறுப்பை வரைந்து தள்ளிய கதையைச் சொல்லும்போது, குட்டி எழுந்துவிடுவானே என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். நான் பிடுங்கி வைத்த நோட்டுகளில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

ஆனால் அந்தப் பேச்செல்லாம் எதை மூடி மறைக்க? பள்ளி முடியப் போகிறது, இருவரும் வேறு வேறு கல்லூரிக்குப் போகப் போகிறார்கள். நீ இல்லாமல் எனக்கு எப்படிப் பொழுது போகும் என்று ஒருவனுக்கு ஒருவன் சொல்ல வாய் வரவில்லை. பார்ட்டி நடந்த ராத்திரி, குடித்த மயக்கத்தில், தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். விடிந்ததும் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அங்கே நாம் சிரிப்பது அவர்களுடைய பயத்தைப் பார்த்து. ஆண் ஆணிடம் அன்பாகப் பேசினால் ஊர் என்ன நினைக்கும் என்கிற பயம். நம் ஊரில் இரண்டு ஆண்கள் விரல் கோத்துக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் பார்க்கில் ஆறு மாதம் ஸ்ட்ரோலர் தள்ளினேன், ஒருநாள்கூட அப்படி இரண்டு பேரைப் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிரிப்பு தேவைப்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சேத் ரோகனே 2016இல் ஒரு பேட்டியில், இந்தப் படத்தின் சில ஜோக்குகள் நீ சொன்ன அந்த எல்லையைத் தொடுகின்றன, பையன்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்றாலும் அந்தப் பேச்சுக்கு நாங்களும் மவுசு சேர்த்துவிட்டோம் என்கிற மாதிரி ஒத்துக்கொண்டாராம். மாப்பிள்ளை சொன்னார். 'தி டைலமா' என்ற படத்தின் கதையையும் அவர்தான் சொன்னார். மின்சாரக் கார் மட்டம் என்று சொல்ல, அது 'கே' என்று, ஓரினச்சேர்க்கையாளரைக் குறிக்கும் சொல்லையே வசவாக்கி, ஒரு வசனம். 2010இல் டிரெய்லர் வந்ததும் சண்டை கிளம்பி, யுனிவர்சல் கம்பெனி டிரெய்லரிலிருந்து அதை எடுத்துவிட்டது. இயக்குநர் ரான் ஹோவர்ட் படத்தில் அப்படியே விட்டுவிட்டார். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அங்கே பையனும் இல்லை, பயமும் இல்லை, வெறும் வசவு.

நம் படங்கள் பலவற்றுக்கும் வாங்க மாட்டேன். நளினமாக நடக்கிற ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்துவார்கள், கதாநாயகன் அலறி ஓடுவான், அவ்வளவுதான் காமெடி. என் வகுப்பில் அப்படி நடக்கிற ஒரு பையன் இருந்தான். மற்றவர்கள் அவனை 'ஒன்பது' என்று கூப்பிடுவார்கள். போர்டுப் பக்கம் திரும்பியிருந்தாலும் எனக்குக் கேட்கும். ஒரு வருஷம் முழுக்கக் கேட்காத மாதிரியே எழுதிக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் இல்லை. உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. இந்தப் படத்தைப் பார்க்கும்போது அவனை நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். இது அவனைக் கேலி செய்யவில்லை. அவனை அப்படிக் கூப்பிட்டவர்களைத்தான் செய்கிறது.

படித்துவிட்டுப் போனில் சண்டை போடு, பரவாயில்லை. கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போடு.

அப்புறம், குட்டி ராத்திரி சிணுங்கினால் முதுகில் தட்டாதே. உள்ளங்காலைத் தேய்த்துவிடு, தூங்கிவிடுவான்.

அன்புடன்,
அம்மா