பிளாட்டினம் என்றால் எத்தனை பிரதிகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அதிகம் விற்ற லத்தீன் (பெரும்பாலும் ஸ்பானிஷ் மொழி) இசை ஆல்பங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பாடகி செலினாவின் ‘ட்ரீமிங் ஆஃப் யூ’ ஆல்பம் விற்பனைச் சான்றாக 59 பிளாட்டினம் பெற்றது என்று எழுதிய கட்டுரையாளர், ஒரு பிளாட்டினம் பத்து இலட்சம் பிரதிகள் என்று அடுத்த பத்தியிலேயே விளக்கமும் தந்துவிட்டதால், அந்த ஆல்பம் கிட்டத்தட்ட ஆறு கோடி விற்றதாகவே வாசகர்கள் கணக்குப் போடுவார்கள். அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் ஸ்பானிஷ் இசைக்கென்று 2000-ஆம் ஆண்டு முதல் தனிச் சான்று வழங்கி வருகிறது. அதில் இன்றைய அளவு தங்கச் சான்றுக்கு 30,000, பிளாட்டினச் சான்றுக்கு 60,000 பிரதிகள் மட்டுமே. ஆகவே 59 பிளாட்டினம் என்பது 35 இலட்சத்து 40 ஆயிரம்.

அதுவே சிறிய எண் அல்ல. 1995 மார்ச்சில், தம் 23-ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பாடகியின் ஆல்பம், அதே ஜூலையில் வெளிவந்து முதல் வாரத்திலேயே 3,31,000 பிரதிகள் விற்று, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் வாராந்திர ஆல்பம் பட்டியலான ‘பில்போர்டு 200’-இல் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஆனால் அதில் ஆங்கிலப் பாடல்களும் உண்டு. முழுக்க ஸ்பானிஷ் மொழியில் அமைந்த ஓர் ஆல்பம் அந்த இடத்தைத் தொட 2020 டிசம்பர் வரை, பாடகர் பேட் பன்னி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டுரை இவ்விரு சாதனைகளையும் ஒன்றாக்கிவிட்டது.

எண்ணும் முறையைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் என் பழைய தொழில். சேலம் நான்கு ரோடு பக்கம் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், வாடிக்கையாளர்கள் வெற்றுக் கேசட்டையும் நோட்டுத் தாளில் எழுதிய பாட்டு வரிசையையும் நீட்டுவார்கள். பதிவு செய்து, அட்டையில் பாட்டுப் பெயர்களைப் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிட்டால் மறுநாள் சண்டைக்கு வந்து நிற்பார்கள். அந்த வியாபாரத்தில் ஒரு பிரதிகூட யாருடைய விற்பனைக் கணக்கிலும் ஏறியதில்லை. அமெரிக்காவிலும் 1991 வரை, கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித்தான் பில்போர்டு பட்டியல் போட்டது. கல்லாவில் பார்கோடு வழியே எண்ணத் தொடங்கியது அதன் பிறகே. அந்த முறையில்தான் 1993 ஜூலையில் லத்தீன் ஆல்பங்கள் அனைத்துக்குமான ஒரு பட்டியல் தொடங்கியது. அதில் முதன்முதலாக முதலிடம் பெற்ற, பாடகி குளோரியா எஸ்டெஃபானின் ‘மி தியெர்ரா’ மொத்தம் 58 வாரம் உச்சியில் இருந்ததைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

பேட் பன்னியின் ‘உன் வெரானோ சின் தி’ 2022-இல் பில்போர்டு 200-இல் 13 வாரம் முதலிடம் பெற்றது என்ற தகவல் சரியானதே. ஆனால் அதைக் கேசட், சிடி காலத்து ஆல்பங்களோடு ஒரே அட்டவணையில் வைத்ததுதான் பொருந்தவில்லை. அப்போதைய விதிப்படி, இணையத்தில் பணம் கட்டிக் கேட்பவர்கள் 1,250 முறை பாட்டுக் கேட்டால் அது ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம்; விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்டால் 3,750 முறை. அந்த ஆல்பத்தில் 23 பாடல்கள் உள்ளன என்பதால், முழு ஆல்பத்தையும் சுமார் 54 தடவை ஓடவிட்டால்தான் ஒரு பிரதிக் கணக்கு வரும். என் கடையிலோ, வாங்கிப் போய் ஒரு தடவைகூடக் கேட்காதவருக்கு விற்றதும் ஒரு விற்பனைதான்! எது கடினமான வெற்றி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் கூட்டி ஒரே நிரலில் போடக்கூடாது என்றே சொல்கிறேன்.

எனவே 59 பிளாட்டினம் குறித்த விளக்கத்துக்குத் திருத்தம் வெளியிடுமாறும், இனி இத்தகைய அட்டவணைகளில் ஒவ்வோர் எண்ணும் எந்த நாட்டுக்குரியது, கடைகளுக்கு அனுப்பிய பிரதியா, விற்ற பிரதியா, இணையத்தில் கேட்டதும் சேர்ந்ததா என்பதைக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.