உடைந்த வளையலுக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் வரலாற்றுக்கு நகைக்கடைகள் கைகொடுப்பது என்றாலே நன்கொடை, கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகை என்றுதான் பேச்சு போகிறது. பணம் வேண்டியதுதான். அதைவிட அரிதாகக் கிடைப்பது, அகழாய்வில் வரும் உடைந்த வளையல்களையும் அளந்து சொல்லக்கூடிய, பட்டறையில் அளவெடுத்துப் பழகிய கை. முதலில் இன்றைய வளையல் கணக்கு.

வளையல் அளவில் 2-4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். ரெண்டே கால் அங்குல உள்விட்டம், அதாவது 57.2 மி.மீ. 2-6 என்றால் 60.3, 2-8 என்றால் 63.5. இதைப் புள்ளி வைத்து 2.4 என்று எழுதுவதால்தான் ஆன்லைனில் வாங்கும் வளையல் பல நேரம் கையில் ஏறுவதில்லை. 2.4 அங்குலம் என்பது 61 மி.மீ., 2-6க்கும் சற்றுக் கூடுதல். பெருவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, முட்டிகளின் மேல் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். 18 செ.மீ. வந்தால் 2-4, 19 வந்தால் 2-6, 20 வந்தால் 2-8. மணிக்கட்டைச் சுற்றி அளப்பது பிரேஸ்லெட்டுக்கும் திருகு வைத்த வளையலுக்கும் மட்டுமே சரிவரும்.

இதே கணக்கு மண்ணுக்கடியில் கிடைப்பவற்றுக்கும் பொருந்தும். கீழடியிலும் விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையிலும் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. உடைந்த துண்டாகக் கிடைத்தாலும் அளவு கண்டுபிடிக்கலாம். துண்டின் உள்விளிம்பில் இரு முனைகளையும் தொடும்படி ஒரு மெல்லிய பட்டையை வைத்து, முனைக்கு முனை உள்ள நீளத்தை எடுக்க வேண்டும். பிறகு காலிப்பர் என்ற அளவுக்கருவியின் ஆழக்கம்பியால், பட்டையின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்து, ஆழத்தைக் கூட்டினால் உள்விட்டம். நீளம் 40, ஆழம் 8 மி.மீ. என்றால் 58 வரும். இன்றைய 2-4க்கு ஒட்டியது.

தவறு ஆழத்தில்தான் நேரும். அந்த 8 மி.மீ.யை 7.5 என்று எடுத்துவிட்டால் விடை 60.8, ஓர் அளவு கூடிவிடும். 20 மி.மீ. துண்டில் 0.2 மி.மீ. பிசகினாலே 2-4 வளையல் 2-8 ஆகிவிடும். அவ்வளவு சிறிய துண்டுக்கு அளவு சொல்லாமல் இருப்பதே நேர்மை. முனை நொறுங்கியிருந்தால் நல்ல விளிம்பு தொடங்கும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். வெளிவளைவை அளந்தால் வளையலின் தடிப்பும் சேர்ந்து கணக்கே கெட்டுவிடும்.

கிடைத்த விடையை வைத்து, அணிந்தவர் சிறுமியா பெரியவரா என்று உடனே சொல்லிவிட முடியாது. சங்கை ரம்பத்தால் அறுத்தெடுக்கும் வளையம் அந்தச் சங்கின் பருமனைத் தாண்டாது. ஒரே சங்கில் அறுத்த வளையங்களுக்குள்ளேயே அளவு மாறும். ஆனாலும் ஒரே குழியில் கிடைத்த பல துண்டுகளின் அளவைச் சேர்த்துப் பார்த்தால், அங்கே எந்த அளவு அதிகம் என்பதாவது தெரியும்.

தொல்லியல் துறை அனுமதித்து, தன் அலுவலர் முன்னிலையில் அனுபவமுள்ள பத்தர்களை, அதாவது நகை செய்பவர்களை, அளவெடுக்க அழைக்கலாம். கடைக்காரர்கள் அவர்களின் நாள் கூலியை ஏற்கலாம். காட்சிப் பெட்டியில் 'சங்கு வளையல் துண்டு' என்பதோடு 'உள்விட்டம் சுமார் 58 மி.மீ., இன்றைய 2-4' என்றும் எழுதினால், பார்க்க வரும் பெண்கள் தங்கள் கையோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். இந்தப் பழைய வளையல்களைப் பார்த்து மாதிரி வளையல் செய்து விற்கும் கடைகள் மூல அளவையும், அணிவதற்காக மாற்றிய அளவையும் சீட்டில் தனித்தனியே குறிக்க வேண்டும்.

இன்னொன்று, அவசரமானது. தண்டட்டி, பாம்படம் போன்ற பழைய காதணிகள், காப்பு என்று உருக்க வருபவை உலைக்குப் போனால் திரும்பாது. உரியவரின் சம்மதத்தோடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், எடை, உள்விட்டம், எந்த ஊரில் அணிந்தது என்ற நான்கையும் குறித்துக்கொண்ட பிறகே கடைகள் அவற்றை உருக்கட்டும்.

இப்படிக்கு,
நகைப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.