குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, நம் நகரின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் தெருவிளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை என்று வரிசையாக வாசித்துவிட்டு உட்காருவது வழக்கம். இந்த முறை அவற்றை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மூன்றாம் குறுக்குத் தெருவில் இருண்டு கிடந்த விளக்குகள் இப்போது எரிகின்றன. மழைநீர் வடிகாலுக்கு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் கொடுப்போம். நாய்களைப் பற்றிச் சென்ற ஆண்டு வாசித்ததையே ஒரு சொல்லும் மாற்றாமல் இந்த ஆண்டும் வாசிக்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் பிறகு பேசலாம்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிவிட்டு, நகராமல் அங்கேயே நின்று பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. நமக்கு அடி விழுந்தது மழையில் அல்ல, அடுத்து வந்த ஆற்றில். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை நம் கடலூருக்கு வந்து சேர்ந்தபோது நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நம் தெருக்களில் கணுக்கால் அளவோடு நின்றுவிட்டது. நாம் தப்பித்தோம், அவ்வளவுதான்.

தப்பித்தவர்கள் என்ன செய்வார்கள்? வாட்ஸ்அப் குழுவில் 'நிவாரணப் பொருட்கள் தேவை, சங்க அலுவலகத்தில் கொடுக்கவும்' என்று ஒரு செய்தி போடுவார்கள். போட்டது நான்தான். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை. மூன்று நாளில் அலுவலக அறையில் கால் வைக்க இடமில்லை. ரொட்டிப் பாக்கெட்டுகள் மட்டும் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தன. நான்கு தெரு தள்ளி இன்னொரு குழுவும் ரொட்டிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப்போய்க் குப்பை வண்டிக்குப் போனது. கூடவே கொக்கி இல்லாத ரவிக்கைகள், ஒற்றைச் செருப்பு, ஓடாத மிக்சி, தேதி முடிந்த இருமல் மருந்து. சுனாமிக்குப் பிறகு நாகைப் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி மூட்டைகள் மழையில் ஊறிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 2004இல் பார்த்ததை 2024இல் நாமே செய்தோம். இதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று ஒரு செயற்குழு உறுப்பினர் சொன்னார். எழுதிவிட்டேன்.

அந்த அறையைக் காலி செய்ய ஆள் கிடைக்காத சமயத்தில்தான் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை. அவர்களில் நான்கு பேர் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸில் இருப்பவர்கள், மற்றவர்கள் அவர்களுடைய சிநேகிதர்கள். முதல் நாள் பத்து பேர் இருக்கும், அப்புறம் கூடிக் குறைந்தது. துணியைப் பிரித்து அடுக்கித் தாருங்கள் என்று விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு குவியல். நடுவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி நின்றுகொண்டு, ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, 'இத நீ போடுவியா?' என்று எதிரில் இருப்பவரிடம் கேட்கிறாள். 'போடுவேன்' என்றால் வலப்பக்கம். தயங்கினால்கூட இடப்பக்கம். இடப்பக்கக் குவியல் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம். அவள் ஒரு கிழிந்த நைட்டியை எடுத்துக்கொண்டு, கொடுத்த வீட்டுக்கே போய், 'அக்கா, இது கிழிஞ்சிருக்கு, தரை துடைக்க வச்சிக்கோங்க' என்று மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே எனக்குப் புகார் வந்தது, எழுத்துப்பூர்வமாக. சங்கம் தொடங்கியதிலிருந்து வந்த புகார்களிலேயே இதுதான் அழகான கையெழுத்தில் இருந்தது. அந்த வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் பிள்ளையைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்து, என்ன வேண்டும் என்று நேரில் கேட்டுவிட்டு வந்து சேகரிப்போம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆற்றோரத்திலிருந்து அவர்களோடு ஒரே பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகள், நம் தெருவில் கூட்டிப் பெருக்குபவர்கள், இஸ்திரி வண்டிக்காரர், அடுக்குமாடி வாட்ச்மேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பெரியவர் கூடப் போக வேண்டும், இரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், பணம் கையில் வாங்கக் கூடாது என்பவை சங்கம் போட்ட நிபந்தனைகள். முதல் நாள் நோட்டு கிட்டத்தட்ட வெறுமையாகத் திரும்பியது. எல்லா வீட்டிலும், 'எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பா, நல்லாயிருங்க' என்றுதான் சொன்னார்களாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எனக்கு இது இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள்?

மறுநாள் கேள்வியை மாற்றினார்கள். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. 'தண்ணியில எதெல்லாம் போச்சு?' என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வீடு வீடாகப் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கேள்வியை யார் கண்டுபிடித்தது என்று விசாரித்தேன். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. விரும்புகிறவர்கள் பார்க்கலாம். அதில் அரிசி என்று மிகச் சில வீடுகளுக்குத்தான் எழுதியிருக்கிறது. ரேஷனில் அரிசி கிடைத்துவிடுகிறது, அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும் கொடுத்தது. போனவை வேறு. பாய். அதுவும் கோரைப்பாய் வேண்டாம், காயாமல் நாறுகிறது, பிளாஸ்டிக் பாயாக இருந்தால் தேவலை என்று ஓரத்தில் குறிப்பு. கேஸ் அடுப்பின் பர்னர், சேறு புகுந்து அடைத்துக்கொண்டது. அரிசி டிரம்மின் மூடி, டிரம் மட்டும் மிதந்து கிடைத்துவிட்டது. கொசுவலை. தையல் மெஷினின் மோட்டார். ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் மருந்துச் சீட்டும். 'பாப்பாவோட சோஷியல் நோட்டு.'

கடைசியில் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் போன பாடப்புத்தகத்துக்குப் பதில் புத்தகம் அரசு தரும். சீருடையும் தரும். கடையில் வாங்கி வெறும் நோட்டு நாமும் தரலாம். ஆனால் ஜூனிலிருந்து நவம்பர் வரை வகுப்பில் எழுதியதை யார் தருவார்கள்? வெள்ளம் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. சரி, நேரம் இருக்கிறது, எழுதியே கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் முழுக்கச் சங்க அலுவலகத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் டியூஷன் நடக்கிறது என்று நினைத்துக் கட்டணம் விசாரித்தார்கள். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்த ஒரு பையனை எழுத விடவில்லை. அவனுக்கு மார்ஜின் கோடு போடும் வேலை. எல்லா நோட்டிலும் சிவப்புக் கோடு நூல் பிடித்ததுபோல இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, இந்திய வரைபடமும் தானே வரைகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். குஜராத் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்தத் தாத்தாவைப் பற்றி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அம்மாவிடம் சொன்னோம். மாத்திரை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடாயிற்று. பர்னர்களை நம் நகரில் அடுப்பு பழுதுபார்க்கும் உறுப்பினர் சரிசெய்து கொடுத்தார், உதிரிபாகத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லக் கூடாது என்று உத்தரவு. தையல் மெஷின் மோட்டாருக்கு நம்மிடம் பணம் போதவில்லை. அது பாக்கி.

பாய், கொசுவலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? போகியிலிருந்து. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே பிள்ளைகள் வீட்டுக் கதவுகளில், 'எரிக்காதீங்க, எங்ககிட்ட குடுங்க' என்று கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டினார்கள். பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் குவிந்தன. பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன் எடை பார்த்து வைக்க வேண்டுமே, தராசு ஏது? ஒரு பெண் வீட்டிலிருந்து உடல் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். பேப்பர் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நிற்பாள். இன்னொருத்தி அவள் எடையைக் கழித்து எழுதுவாள். பேப்பர்காரர் தராசில் மொத்தக் கணக்கு இரண்டு கிலோ குறைந்தது. நோட்டைக் காட்டினார்கள். அவர் நோட்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சிரித்துவிட்டு இவர்கள் கணக்குக்கே காசு கொடுத்தார். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது.

பொங்கலுக்கு இன்னொன்றும் செய்தார்கள். இந்த முறை அரசின் பொங்கல் தொகுப்பில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. பணம் இல்லை. நோட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: 'தாத்தா, சர்க்கரைல பொங்கல் வெச்சா அது சர்க்கரைப் பொங்கலா? எங்க வீட்டுல வெல்லம்தான போடுறாங்க?' நியாயமான சந்தேகம். வெல்லம், பாசிப்பருப்பு, ஏலக்காய், கொஞ்சம் நெய், பண்ருட்டி இருக்கும் மாவட்டத்தில் முந்திரி இல்லாமலா, அதுவும். இவற்றை மட்டும் கேட்டு வீடு வீடாகப் போனார்கள். வேறு எதைக் கொடுத்தாலும் வாங்கவில்லை. என் மனைவி கொடுத்த ரவை திரும்பி வந்துவிட்டது.

பொருட்களைக் கொடுத்த விதம் பற்றிச் செயற்குழுவில் விவாதம் நடந்தது. பதிவு செய்ய வேண்டியது என் கடமை. அலுவலக வாசலில் பந்தல் போட்டு, வார்டு பிரமுகர்களை அழைத்து, பேனர் வைத்து வழங்கலாம் என்பது ஒரு கருத்து. பேனர் செலவை ஏற்க ஆளும் தயார். எனக்கும் அதில் ஆசை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், சங்கத்துக்கு நாலு புகைப்படம் வேண்டாமா? கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன், பேச அனுமதி கேட்காமலே, 'அவன் என் கிளாஸ், தாத்தா' என்றான். என்னப்பா என்றேன். 'போட்டோ எடுத்தா அவன் ஸ்கூலுக்கு வர மாட்டான்.' அப்புறம் யாரும் பேனரைப் பற்றிப் பேசவில்லை. இருட்டிய பிறகு பெற்றோர் இருவர் ஸ்கூட்டரில் போய், வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு வந்தார்கள். அதனால் இந்த அறிக்கையோடு இணைக்கப் புகைப்படம் எதுவும் இல்லை.

ஒரு பாட்டியம்மா பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் தன் வீட்டில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், மாதக் கடைசியில் அதை எடுத்துத் தானம் கொடுப்பார்கள் என்று சொன்னார். நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியிலும் காய்கறியிலும்தான். பிடியரிசிப் பானை பிப்ரவரியிலிருந்து நம் நகரில் சில வீடுகளில் இருக்கிறது. முதல் மாதம் வந்த அரிசியில் புழுங்கல், பச்சை, இட்லி அரிசி எல்லாம் கலந்துவிட்டது. சமைத்தால் ஒரு பருக்கை வேகும், ஒரு பருக்கை குழையும். வண்டும் வந்தது. இப்போது புழுங்கல் மட்டும் என்று விதி, பானைக்குள் இரண்டு வேப்பிலை. அந்த அரிசி, குடும்ப அட்டை இல்லாமல் வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்களுக்குப் போகிறது. யார் என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. மார்ச்சில் முழுஆண்டுத் தேர்வு நெருங்கியதும் பிள்ளைகள் வரவில்லை, பானைகளைச் சுற்றி வந்து சேகரிக்க ஆளில்லாமல் ஒரு மாதம் நின்றுபோனது. பெரியவர்கள் யாராவது எடுத்துச் செய்திருக்கலாம், செய்யவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஜூனில் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். நோட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்களுக்குள் பஞ்சாயத்து நடக்கிறது, நான் தலையிடவில்லை. பிள்ளைகளைத் தெருத்தெருவாக அனுப்புவது சரியா என்று கேட்ட பெற்றோரின் கவலையும் நியாயமானதுதான். நிபந்தனைகளை இந்தக் கூட்டமே பார்த்து, கூட்ட வேண்டியதைக் கூட்டட்டும்.

வரும் ஆண்டுக்குக் கேட்பவை: அலுவலகத்துக்கு ஒரு நல்ல தராசு, எலி புகாத இரும்பு அலமாரி ஒன்று, தையல் மெஷின் மோட்டாருக்கு மீதிப் பணம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை ஆற்றோரம் போய்வர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடப் போகப் பெரியவர்கள் இரண்டு பேர் பெயர் கொடுக்கவும்.

மூன்று பிளாஸ்டிக் பாய்கள் மிச்சம், அலுவலகப் பரண் மேல் இருக்கின்றன. தேவைப்படும் வீடு தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவளிடம் சொன்னால் சீக்கிரம் நடக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்