இரத்தப் புற்றுநோய் ஆராயும் மருத்துவருக்கு ஒரு பணியிடம்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடலோரத்தில் பணிபுரியும் அரசு மருத்துவன் எழுதுகிறேன். 2022-இல் எங்கள் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நோயாளிகளைப் பார்ப்பதோடு இரத்தப் புற்றுநோயை ஆராயவும் நேரம் ஒதுக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் ஒன்றை அங்கே உருவாக்க வேண்டுகிறேன்.

வார்டுக்கே ஆளில்லாதபோது மாவட்டக் கல்லூரிக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கோப்பில் குறிப்பு எழுதப்படலாம். அதற்கு மறுமொழியாக ஒருவரது பணிவாழ்வைச் சொல்கிறேன்.

அமெரிக்க மருத்துவர் கார்ல் ஜூன் கடற்படையில் இருந்தவர். (உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதாலோ என்னவோ, இதைச் சொன்னதும் எங்கள் பயிற்சி மருத்துவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.) கடற்படையில் எச்.ஐ.வி. ஆய்வுக்காக டி அணுக்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள்) உடலுக்கு வெளியே வளர்த்துப் பழகியவர், பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் மரபணுவைப் புகுத்தி, பெருக்கித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு வழிவகுத்தார். 2012-இல், வேறு எதற்கும் அடங்காத லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயோடு வந்த எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு அதைச் செலுத்தியபோது கடுங்காய்ச்சல் கண்டு, அவள் வென்டிலேட்டரில் கிடந்தாள். இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் எகிறியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தை ஜூன் அறிந்திருந்தார். அவருடைய மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம் இருந்தது. மருந்து ஏறியது, சிறுமி பிழைத்தாள். ஆய்வகமும் படுக்கையும் ஒரே மனிதரின் கவனத்தில் இருந்ததால் கிடைத்த பலன் இது. 2017-இல் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய இந்தியச் சிகிச்சைக்கு 2023-இல் நம் நாட்டில் ஒப்புதல் வந்தது.

நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், 1998 முதல் 2004 வரை, அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற, விரைந்து முற்றும் இரத்தப் புற்றுநோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு என்ற மருந்தை மட்டும் கொண்டு சிகிச்சை தொடங்கினர். 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது.

அந்த நோய் எங்களிடம் வருவது ஈறில் கசியும் இரத்தமாகவோ, அடிபடாமலே தொடையில் கன்றிய நீலமாகவோதான். கண்ணாடித் தகட்டில் இழுத்த ஒரு துளியை லீஷ்மன் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இரத்த அணுவுக்குள் செந்நிற ஊசிகள் சுள்ளிக்கட்டுப் போலக் கிடக்கும். இரத்தக்கசிவு சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், மதுரைக்கோ வேலூருக்கோ விரைந்து அனுப்புகிறோம். அதோடு எங்கள் பங்கு முடிகிறது. மாதிரியைச் சேமிப்பவர் இல்லை. தொண்டியிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பவரும் இல்லை.

எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று பதினொரு ஆண்டுகளுக்கு மேல் படித்து இரத்தவியல் வல்லுநராகும் ஒருவர், ஊதியமும் பதவி உயர்வும் வெளிநோயாளிப் பணியோடு மட்டுமே கட்டப்பட்டிருக்கும்போது ஆய்வகத்துக்குப் போகமாட்டார். அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. ஆகவே வாரத்தின் பாதி நாள்கள் ஆய்வுக்கென்று அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால், காய்ச்சல் முகாம் வந்ததும் முதலில் பறிபோவது அந்த நாள்கள்தான். அவருக்கு வேலூரிலோ மும்பையிலோ ஓராண்டுப் பயிற்சியும், மாதிரிகளைக் காக்க ஓர் உறைநிலைப் பெட்டியும், அதற்குத் தடையில்லா மின்சாரமும் தேவை. எங்கள் கரையில் புயல் எச்சரிக்கை வந்தாலே மின்சாரம் போய்விடுகிறது.

வரும் கல்வியாண்டுக்கான பணியிடப் பட்டியலில் இதையும் சேர்க்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலோர அரசு மருத்துவன்,
இராமநாதபுரம் மாவட்டம்