ஆற்றின் கால்மாட்டிலிருந்து

மஞ்சக்குப்பம், கடலூர்
மாசி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

நந்தி மலை உச்சியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நீ எடுத்து அனுப்பிய படம் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது அவளுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. மலையையும் பனியையும் விட்டுவிட்டு, "என்னடா, இவன் தலையில ஒண்ணுமே இல்ல?" என்றுதான் கேட்டாள். பார்வை சரியாகிவிட்டது என்பதற்கு டாக்டர் சீட்டைவிட இது நல்ல அத்தாட்சி.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ நின்ற அந்த மலைப்பக்கம்தானே தென்பெண்ணை பிறக்கிறது! கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, என் வீட்டுக்கு வடக்கே கடலில் விழுகிறது. நீ ஆற்றின் தலைமாட்டில் ஓட்டுகிறாய், நான் கால்மாட்டில். நடுவில் உங்கள் பெங்களூர்ச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு வருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதை டிவியில் பார்த்திருப்பாய். அதற்காக உன்மேல் வருத்தமில்லை. கொஞ்சம்தான்.

"ஏற்றமே இல்லாத ஊரில் என்னத்தை ஓட்டுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். எங்களுக்கு ஏற்றம் காற்றுதான். விடியற்காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். பண்ருட்டிப் பக்கம் போகிறவனுக்கு அது எதிர்காற்று. சரி, திரும்பும்போது தள்ளிவிடும் என்று நினைத்தால், வெயில் ஏறியதும் காற்று கட்சி மாறி கடலிலிருந்து வீச ஆரம்பித்துவிடும். ஆக, போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று. முதல் இரண்டு மாதம் இது புரியாமல், பையன் விட்டுப்போன கியர் சைக்கிளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாலேமுக்காலுக்குக் கிளம்பிவிடுகிறேன். பத்து மணிக்குள் வீடு. கடல்காற்று எழுந்திருப்பதற்குள் நான் இட்லி சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.

என் வழக்கமான சுற்று ஐம்பது கிலோமீட்டர். போகும்போது நெல்லிக்குப்பம் சாலை, வரும்போது பாலூர் சாலை. கெடிலம் ஆற்றுக்கு வடக்கே போய், தெற்கே திரும்புவது. நெல்லிக்குப்பம் வரைக்கும் இரண்டு ஆற்று மண், கரும்பும் நெல்லும்தான். இப்போது ஆலை ஓடுகிற காலம். ஊர் வருவதற்கு முன்பே பாகு வாசனை வந்துவிடும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இருட்டில் வரிசையாக நிற்கும், முக்கால்வாசிக்குப் பின்விளக்கு கிடையாது. ஆகவே, நெற்றியில் விளக்கு இல்லாமல் நான் அந்தச் சாலையில் இறங்குவதில்லை.

அங்கிருந்து பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம், சிவன் திரிபுரம் எரித்த தலம் என்று நம் தமிழாசிரியர் நடத்தியது நினைவிருக்கும். போன மாதம் அந்தக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்றில் தூக்கிப் போட்டதில், பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று போய்விட்டது. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய தேருக்கே அச்சிறுபாக்கத்தில் அச்சு முறிந்ததாம், என் வண்டி எம்மாத்திரம்! பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்த சைஸ் கம்பி எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு முறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்த்திப் பெண்டு எடுத்துக் கொடுத்தார். இருபது ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். காற்றடிக்கத்தான் அவரால் முடியவில்லை. டியூப் மூக்கைப் பார்த்து, "இது என்னாப்பா, மருந்து ஊசி கணக்கா இருக்கு?" என்றார். பித்தளையில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதை மாட்டினால்தான் நம்ம ஊர் பம்பு பிடிக்கும். அன்றிலிருந்து அதைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன்.

திரும்பும் பாலூர் சாலைதான் எனக்குப் பிடித்தது. இடப்பக்கம் கெடிலமும் பச்சையும். வலப்பக்கம் கேப்பர் மலைச் செம்மண், முந்திரி, பலா. ஒரே சாலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர் மாதிரி இருக்கும். பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா, அதற்கப்பால் ஒரு வளைவில் தை முழுக்க உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று. ஒல்லி டயருக்கு அது எமன். வழுக்கியது போக, கொடி பின்கியரில் சுற்றிக்கொண்டு, இறங்கி உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தேன். செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "நீ ஏறி என்ன புண்ணியம்? ஒரு உளுந்துகூட உதிராது. ஓரமாப் போ, லாரி வருது." ஐம்பத்திரண்டு வயதில் எவ்வளவு மூச்சிரைத்தும் நமக்கு இதுதான் மதிப்பு.

திருவந்திபுரம் மட்டும் முகூர்த்த நாளாக இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. கல்யாணக் கூட்டத்தில் சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். மற்ற நாளில் தேவநாதப் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே கேப்பர் மலை ஏறி இறங்கி வருவேன். மலை என்று பெயர்தான். உன் நந்தி மலை பார்த்தால் சிரிக்கும். ஆனாலும் அரை நாள் சமவெளியில் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு அந்த மேடே தொடையைப் பிடிக்கிறது. 1918இல் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியைப் பிடித்து வைத்த ஜெயில் மேலேதான் இருக்கிறது. அந்தச் சுவரோரம் நிழல் உண்டு, தண்ணீர் குடிக்க நிற்பேன்.

அப்புறம், குண்டு சாலை என்று ஏன் பெயர் வந்தது என்று உனக்குத் தெரியுமா? நாமும் கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் யோசிக்காமல் கடந்தோம். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய வெள்ளைக்காரன், கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் தனது என்று எடுத்துக்கொண்டானாம். இருந்ததில் நல்ல பீரங்கியாகத்தான் பொறுக்கியிருப்பான்.

பெண்ணைக்கு வடக்கே போனால் பாகூர். அந்தச் சுற்றில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். எத்தனை முறை மாநிலம் தாண்டினேன் என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். பெயர்ப்பலகையைப் பார்க்கவே வேண்டாம், பிராந்திக் கடை வந்தால் புதுச்சேரி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பங்காரு வாய்க்காலின் கரையில் ஒருநாள் உன்னை உட்கார வைக்க வேண்டும். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேட்டில், அங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செய்தி இருக்கிறது. இப்போது அங்கே ஏரிக்கரை டீக்கடையில் ஒரு பட்டர் பன் நன்றாக இருக்கும்.

ஆனால் ஆறு முன்போல இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வந்தது. கரையோரச் சில கொல்லைகளில் அது கொட்டிய மணலை இன்னும் முழுதாக அள்ளவில்லை. தளவானூர்த் தடுப்பணையையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். 2020இல் கட்டியது, 2021 ஜனவரியிலேயே கரையோரச் சுவர் உடைந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றிருந்தேன். யாரையும் திட்டக்கூடத் தோன்றவில்லை.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. சுருளிக்கிழங்கு உன் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். அடுத்த தைக்குக் கட்டாயம் வா, உன் வண்டியோடு. ஒருநாள் திருக்கோவிலூர் வரை போய், ஆற்று நடுவில் பாறைமேல் நிற்கிற கபிலர் குன்றைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கி மறுநாள் திரும்பலாம். ஒரே நாளில் போய்வர என் முழங்கால் சம்மதிக்காது, உன்னுடையது எப்படியோ.

அதற்கு முன்னால் யாராவது பெங்களூரிலிருந்து வந்தால் இரண்டு டியூப் கொடுத்தனுப்பு. 700க்கு 28, மூக்கு நீளமானது. இங்கே கேட்டால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள்.

உன்,
செல்வம்