ரசீது உங்க அப்பா பேரில்

நாலாசோபாரா
ஜூலை 2025

அன்புள்ள இசக்கி,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. விரார் ஃபாஸ்ட் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன், போனைக் காதில் வைக்கக் கையைத் தூக்குவதே பெரும்பாடு. "இடியும்னு தெரிஞ்சே இத்தன வருசம் ஏம்ல அங்கேயே கெடந்தீங்க" என்றாய். சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தால், தென்காசியில் சொந்த வீட்டுத் திண்ணையில் இருக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதுதான் எழுதுகிறேன். கூடவே உன்னிடம் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அதைப் போனில் பேச எனக்கு வாய் வராது.

மும்பை மாகிமில் நம்ம சால், ஒரே வராந்தாவில் வரிசையாக ஒற்றை அறைகள், எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தாராவியிலிருந்து ஓடி வந்து உங்க மூன்றாவது மாடி வராந்தாவில்தானே பிளாஸ்டிக் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். அந்த வராந்தாவுக்குப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இரும்புக் கம்பம் வைத்து முட்டுக் கொடுத்தார்கள், இங்கே டேக்கு என்பார்களே, அது. ஆறு மாதத்தில் ரிப்பேர், அதுவரைக்கும்தான் என்றார்கள். முதல் வாரம் அதைத் தாண்டிப் போகவே பயமாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் பெண்கள் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் பிறந்த குழந்தைகளுக்கு டேக்கு இல்லாத சால் எப்படியிருக்கும் என்றே தெரியாது. பழகிவிட்டது, அவ்வளவுதான். பயத்தை எத்தனை நாள்தான் பிடித்து வைத்திருக்க முடியும்?

சரி, ஏன் ரிப்பேர் செய்யவில்லை? வீட்டுக்காரரைத் திட்டுவது சுலபம், நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் கணக்கைப் பார். 1947-இல் பம்பாயில் வந்த வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதோடு நிறுத்திவிட்டது. யுத்தம் முடிந்த நேரம், வீட்டுக்குப் பஞ்சம், ஏழைகளைத் தெருவில் விடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 1999-இல் சட்டத்தை மாற்றி வருஷத்துக்கு நூற்றுக்கு நாலு ஏற்றலாம் என்றார்கள். நம்ம அறைக்கு இருநூறு ரூபாய்கூட வரவில்லை. இருபத்துநாலு அறை வாடகையையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மூட்டை சிமென்ட் வாங்கலாம், கொத்தனாருக்குக் கூலி யார் கொடுப்பது? அதற்காக அவரைப் பாவம் என்றும் சொல்ல மாட்டேன். மாகிமில் அந்த இடத்தின் விலை கோடிக்கணக்கில். கட்டடம் நின்றால் அவருக்கு மாதம் சில ஆயிரம், விழுந்தால் கோடி. அப்படியொருவர் எதற்குக் காத்திருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1969-இலேயே தனிச் சட்டம் போட்டு, செஸ் என்று ஒரு வரி வாங்கி, பழைய கட்டடங்களை நாங்களே ரிப்பேர் செய்கிறோம் என்றார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கில் இருந்தவை 19,642 கட்டடங்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் ஆயிரக்கணக்கில் அப்படியே நிற்கின்றன. மழைக்கு முன்னால் வருஷா வருஷம் அபாயக் கட்டடங்கள் என்று பட்டியல் வரும். பேப்பர் வந்ததும் நம்ம பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். பரீட்சை ரிசல்ட் மாதிரி, இதில் பெயர் இல்லாவிட்டால் சந்தோஷம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 2017-இல் பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் செத்தார்கள். 2022-இல் குர்லா நாயக் நகரில் 19 பேர். அதில் பலர் வெளி மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, வாடகை மலிவு என்று அங்கே தங்கியிருந்தவர்கள். டிவியில் எல்லோரும் உன்னைப் போலத்தான் கேட்டார்கள், ஏன் காலி செய்யவில்லை என்று. காலி செய்தால் உரிமை போய்விடுமோ என்ற பயம்தான், இசக்கி. சாலில் குடியிருப்பவனிடம் இருப்பது வீடு இல்லை, இருக்கிற உரிமை மட்டும்தான். கட்டடத்தைப் புதிதாகக் கட்டினால் அந்த உரிமைக்கு முந்நூறு சதுர அடியில் ஒரு ஃபிளாட் உண்டு. தகுந்த காரணமில்லாமல் ஆறு மாதம் பூட்டிப் போட்டால் வீட்டுக்காரர் அதையே காட்டி வழக்குப் போட்டு அறையை வாங்கிவிடலாம். அதனால் சுவர் விரிந்தாலும் சனம் நகராது. புதுக் கட்டடம் வரும்வரை தற்காலிகமாகத் தங்க வைக்கிற டிரான்சிட் கேம்ப்புக்குப் போனவர்கள் கதையும் எங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷம் என்று போனவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மூலை வீட்டு ஆச்சி சொல்லும், "விழுந்தா ஒரு நாள்ல முடிஞ்சிரும், கேம்ப்புக்குப் போனா முடியவே முடியாது" என்று. சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.

ஜூன் முதல் வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். சி-1, அதாவது உடனே காலி செய்ய வேண்டிய வகை. நாலாம் நாள் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்புறம் கரண்ட். தண்ணீரும் கரண்டும் இல்லாமல் எப்படி இருப்பது? அந்த மரப்படியில் பீரோவை இறக்கும்போது படி முனகிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீழே ஒரு மேசை போட்டு வாடகை ரசீது இருக்கிறவர்கள் பெயரை எழுதினார்கள். அவர்களுக்கு மட்டும்தான் கேம்ப்பில் அறை. ஆச்சிக்கு உண்டு. எனக்கு இல்லை.

உங்க அப்பா மில் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? 1999, எனக்கு அப்போதுதான் கல்யாணம். "பூட்டிப் போட்டா அறை கையவிட்டுப் போயிரும். நீ இருந்துக்கோ. வாடகைய எம் பேர்லயே கட்டு, மேத்தாஜி கேட்டா அக்கா மகன்னு சொல்லு" என்றார். இருபத்தாறு வருஷமாக அவருக்கு அக்கா மகனாகவே இருந்துவிட்டேன். வீட்டுக்காரருக்காக வாடகை வசூலிக்கிற மேத்தாஜிக்கும் தெரியும், தீபாவளிக்கு இனாம் வாங்கிக்கொண்டு தெரியாத மாதிரி இருப்பார். 1973 பிப்ரவரிக்கு முன்னால் இப்படி வந்து இருந்தவர்களைச் சட்டம் வாடகைதாரர்களாகவே ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் வந்தவனுக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. வக்கீலிடம் கேட்டேன். "உங்களை உள்வாடகை என்று காட்டினால் அவர்கள் உரிமையும் சேர்ந்து போகும், பேசாமல் இருங்கள்" என்றார்.

அதனால் பேசாமல் வந்துவிட்டேன். மும்பைக்கு வடக்கே இந்த நாலாசோபாராவில் ஒரு அறை, பதினொரு மாத அக்ரிமென்ட். பன்னிரண்டாவது மாதம் திரும்பவும் டிபாசிட் பேச்சு, திரும்பவும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. என் வீட்டுக்காரி மாட்டுங்காவில் மூன்று வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள் அல்லவா, இப்போது ஒரு வீடுதான். காலை 5 மணி வண்டியைப் பிடித்தால்தான் அதுவும். சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியை மாற்ற மாட்டேன் என்கிறான், மாகிமில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், விருந்தாளி மாதிரி. இந்த வட்டாரத்தில்தான் இந்த வருஷத் தொடக்கத்தில் அனுமதியில்லாமல் கட்டியவை என்று 41 கட்டடங்களை இடித்து முடித்தார்கள், கோர்ட்டு உத்தரவு. நான் இருக்கிற கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேட்டேன். "சாய் குடிக்கிறீர்களா" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரசீது உங்க அப்பா பேரில். அவர் போன பிறகு வாரிசு நீயும் உன் அக்காவும்தான். சால் விழுவதற்குள் எப்படியும் ஒரு பில்டர் வருவார், அதற்கு முன்னால் ஏஜென்ட் உன்னைத் தேடி வருவார். தென்காசி என்ன தூரம் அவர்களுக்கு? இரண்டு மூன்று லட்சத்தை நீட்டி கையெழுத்துக் கேட்பார்கள், நீயும் மறந்துபோன அறைக்கு இது போதுமே என்று நினைப்பாய். போட்டுவிடாதே. அது பல லட்சம் பெறும்.

1999-இலிருந்து கட்டிய ரசீது அத்தனையும் நீ அனுப்பிய அந்த அல்வா டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு மாதம்கூட விட்டதில்லை. கொரியரில் அனுப்பப் பயமாக இருக்கிறது, நீ வரும்போது கையில் தருகிறேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்து வை. 99-க்கு முந்தைய ரசீது பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று அக்காவிடமும் கேள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். என் வீட்டுக்காரி இதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் சேர்க்கவில்லை. அது நீ வந்த பிறகு பேச வேண்டியது.

உன்
செல்லப்பா